சாரப்பருப்பு: பழுக்கும் முன்பே பறிப்பதால் வருவாயும் குறைகிறது, மரமும் குறைகிறது

ராய்ப்பூர்: பாதாம் பால், பாயசம், பர்பி போன்ற இனிப்புகளில் சேர்க்கப்படும் சாரப்பருப்பு, பெரும்பாலும் தோட்டங்களில் விளைவதன்று. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் காடுகளில் தானாக வளரும் மரங்களிலிருந்து பழங்குடியின மக்கள் அதனைச் சேகரிக்கின்றனர்.

மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் இந்தியில் 'சார்' என்றும், அதன் பருப்பு 'சிரோஞ்சி' என்றும் அழைக்கப்படுகிறது. கோடையில் இதன் சிறிய காய்கள் பழுத்துக் கருநிறமாகின்றன. இனிப்பும் புளிப்பும் கலந்த பழச்சதையைக் காட்டுப்பகுதி மக்கள் அப்படியே உண்கின்றனர். உள்ளிருக்கும் கடினமான கொட்டையை உடைத்தால் பருப்பு கிடைக்கும். அதன் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய், புரதமும் மிகுதி. மரத்தின் பிசின், பட்டை, இலை ஆகியவையும் பயன்படுகின்றன.

உழைப்பு ஓரிடம், லாபம் வேறிடம்

பழங்களை நீரில் ஊறவைத்துத் தேய்த்துச் சதையை நீக்கி, கொட்டைகளை வெயிலில் உலர்த்த வேண்டும். பின்னர் திரிகை அல்லது இயந்திரத்தில் உடைத்து, பருப்பு நொறுங்காமல் பிரித்தெடுக்க வேண்டும். சேகரிப்போரில் பலர் கொட்டையாகவே விற்றுவிடுவதால், உடைத்த பருப்புக்குக் கிடைக்கும் கூடுதல் விலை வியாபாரிகளைச் சென்றடைகிறது. பஸ்தர் பகுதியில் ஒரு காலத்தில் இப்பருப்பு, சம எடை உப்புக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

இந்நிலையை மாற்ற, சிறு வன விளைபொருள்களுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தை மத்திய அரசு 2013-14-இல் தொடங்கியபோது சிரோஞ்சியும் அதில் சேர்க்கப்பட்டது. கொட்டைக்கான ஆதரவு விலை 2020 மே மாதத்தில் கிலோவுக்கு 126 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விளைபொருள்களைப் பதப்படுத்தி விற்க உதவும் முதல் வன்தன் மையம், 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது.

காத்திருக்க முடியாத அறுவடை

எனினும் விலை மட்டுமே தீர்வாகாது. காட்டு மரம் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை என்பதால், 'நாம் விட்டால் வேறொருவர் பறித்துவிடுவார்' என்ற அச்சத்தில் காய்கள் முற்றும் முன்பே பறிக்கப்படுகின்றன. சில இடங்களில் கிளைகளே வெட்டப்படுகின்றன. முற்றாத காயில் பருப்பு சிறுத்துவிடுவதால் வருவாய் குறைகிறது. வெட்டப்பட்ட கிளை அடுத்த கோடையில் காய்ப்பதில்லை. நிலத்தில் விழுந்து முளைக்க முற்றிய விதைகளும் மிஞ்சுவதில்லை; கடினமான ஓடு காரணமாக இவ்விதை எளிதில் முளைப்பதுமில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன விளைபொருள்கள் மீதான உரிமையையும், காட்டுவளத்தைப் பாதுகாக்கும் அதிகாரத்தையும் வனவாசிகளுக்கும் கிராம சபைகளுக்கும் வழங்குகிறது. பறிக்கத் தொடங்கும் நாளை ஊரே கூடி முடிவு செய்து, அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டால், முற்றிய பருப்புக்கு உரிய விலையும் கிடைக்கும். அடுத்த தலைமுறைக்கு மரமும் மிஞ்சும்.