பாதையேறித் தீவுக்கு



"பாதை" என்னும் சொல்லுக்கு நடந்து செல்லும் வழி என்பதே யாவரும் அறிந்த பொருள். எனினும் நம் வடபுலத்தில் அதற்கு மற்றுமொரு பொருள் உண்டு. மக்களையும் வண்டிகளையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான மிதவையையும் நாம் பாதை என்றே அழைக்கிறோம். நிலத்து வழி முடிந்த இடத்தில் நீரின்மேல் அது தொடர்வதால், இப்பெயர் மிகவும் பொருத்தமானதன்றோ?

மேலைநாட்டார் படுக்கையும் அடுப்பும் அமைந்த வண்டியைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு, பெருங்கப்பலில் ஏறித் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் போவர். இது நமக்குப் புதுமையன்று. கூடார வண்டிலிலே பாயும் பானையும் அரிசியும் ஏற்றி, வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சென்றவர்கள் நம் முன்னோர். இன்று வண்டிலின் இடத்தை வான் பிடித்துக்கொண்டது. கட்டுச்சோறு மட்டும் மாறவில்லை.

ஸ்கந்தபுரத்திலிருந்து தீவகம் செல்ல விரும்பும் ஒரு குடும்பம், மன்னார்–பூநகரி வீதியை அடைந்து வடக்கே திரும்பினால், சங்குப்பிட்டியில் கடனீரேரியைக் காணும். இங்கிருந்து கேரதீவுக்கு முன்னாளில் பாதையே ஓடிற்று. 2011ஆம் ஆண்டு சனவரியில் பாலம் திறக்கப்பட்டபின் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். இந்த எளிமையின் அருமையை முதியோர் நன்கறிவர். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டி வழியும் அடைபட்டிருந்தபோது, கிளாலிக் கடலை இரவிலே சிறு படகுகளிற் கடந்தோர் பல்லாயிரவர். அக்கடலிலே உயிர் துறந்தோரும் பலர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டுக்கோட்டை வழியாகப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர். அதன் எதிர்க்கரையில் ஊர்காவற்றுறை. இடையேயுள்ள நீர் ஒரு கிலோமீற்றரும் இல்லை. ஆயினும் தரைவழியே சென்றால் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பிப் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை என்று சுற்றிவர வேண்டும். இச்சுற்றைத் தவிர்ப்பதே அங்குள்ள பாதையின் பணி. அதில் ஏறுவோர், இரு கரைகளுக்கும் நடுவே நீரில் நிற்கும் கடற்கோட்டையையும் காணலாம். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தியமைத்த கோட்டை அது.

ஊர்காவற்றுறைக்கும் நம் வன்னிக்கும் பழைய உறவொன்று உண்டு. போர்த்துக்கேயர் அத்துறையை யானைத்துறை என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவு வழியே குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து கப்பலேறி இந்தியா சென்றன. வன்னியர் தலைவர்கள் திறையாகச் செலுத்தியதும் யானைகளையே. ஆகவே, வன்னியிலிருந்து தீவகம் சென்ற முதற் பெரும் பயணிகள் யானைகள் எனினும் தகும்!

இனி, பாரமான வான் மிதவையில் அமிழாதிருப்பது எவ்வாறு என்று நோக்குவோம். மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. பத்து மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமும் உள்ள ஒரு மிதவையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் ஏறக்குறைய அரைத் தொன் நீரை விலக்கும். எனவே இரண்டு தொன் எடையுள்ள வான் ஏறினால், அது நான்கு சென்ரிமீற்றர் அளவே தாழும்.

அவ்வாறாயின் ஆபத்து எங்கே உளது? பாரத்தின் அளவில் மட்டுமன்று. பாரம் இருக்கும் இடத்திலும் உளது. நடுவில் நிற்கும் வான் மிதவையைச் சமமாகத் தாழ்த்தும். ஓரத்தில் நிற்பதோ சரிக்கும். சராசரி அறுபது கிலோ எடையுள்ள முப்பது பேர், வேடிக்கை பார்க்க ஒரு பக்கம் ஓடினால், அது ஏறக்குறைய ஒரு வான் இடம்பெயர்ந்ததற்குச் சமமாகும். மிதவை சரியச் சரிய மேலுள்ளவை அப்பக்கமே மேலும் சாயும். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். அத்துயரை நாம் மறத்தலாகாது.

ஆகையால், குடும்பத்தோடு பாதையேறுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பாதை அன்று ஓடுகிறதா என முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறுமுன் சாரதி ஒழிந்த ஏனையோர் இறங்கிவிடுங்கள். மூடிய வண்டிக்குள் இருப்பவர் நீரில் வீழ்ந்தால் வெளிவருதல் அரிது. கைத்தடையை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். குழந்தைகளின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் வெட்கமின்றி அணியுங்கள். கூட்டம் மிகுதியாயின் அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

நமக்குப் பாதைப் பயணம் ஒருநாள் இன்பம். தீவக மக்களுக்கோ அது பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை அனைத்துக்கும் வாயில். அவர்களுள் அவசரமாகச் செல்ல வேண்டியவர் எவரேனும் காத்து நின்றால், உல்லாசப் பயணிகளாகிய நாம் சற்றே ஒதுங்கி அவருக்கு இடங்கொடுப்போமாக. அதுவே விருந்தினராய்ச் செல்வோர்க்கு அழகு.