ஊர் தாண்டும் கதைகள்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர், சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளில் ஆளுக்கொன்றாகக் குடியேறினார்களாம். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பிலும் இக்கதை இருக்கிறது. ஏற்காட்டு உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலில் மே மாதம் திருவிழாவுக்குக் கூடுகிறவர்களுக்கு அது தங்கள் வரலாறு. மலையையும் உறவையும் நீக்கிவிட்டால் அந்தக் கதையில் ஒன்றும் மிஞ்சாது. நீதிக்கதை இதற்கு நேர்மாறானது. பெயர், ஊர், காலம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு சிக்கலை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அது எந்த ஊருக்கும் போகிறது. கேட்பவரை யோசிக்கவும் வைக்கிறது.

கீரிப்பிள்ளைக் கதையைப் பாருங்கள். தொட்டிலருகே வந்த பாம்பைக் கீரி கடித்துக் கொல்கிறது. வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடிவரும் கீரியைக் கண்ட தாய், அது குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று எண்ணி அடித்துக் கொன்றுவிடுகிறாள். பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் வரும் இந்தக் கதை, வேல்ஸ் நாட்டில் ஓநாயிடமிருந்து குழந்தையைக் காத்த கெலர்ட் என்ற நாயின் கதையாக வழங்குகிறது. விலங்கு மாறியது, சிக்கல் மாறவில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் கீரி வருகிறது. அதைக் கொன்றதால் கணவன் பிரிந்துபோன பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து உதவியதை மாடலன் என்ற மறையவன் சொல்கிறான். அடுத்த காதையிலேயே பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட, கோவலன் வெட்டப்படுகிறான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை இளங்கோவடிகள் நம்மிடம் விட்டுவிடுகிறார்.

நரி தந்திரசாலி, கழுதை முட்டாள் என்பவை விலங்கியலுக்குப் பொருந்தாதவை என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான். ஆனால் சதுரங்கக் குதிரையிடம் யாரும் குதிரையைப் பற்றிக் கற்றுக்கொள்வதில்லை. அது எப்படி நகரும் என்பது முன்பே தெரிந்திருப்பதால் ஆட்டத்தை உடனே தொடங்க முடிகிறது. கதை விலங்கும் அப்படித்தான். நீதிக்கதை ஒரே பாடத்தைத் திணிக்கிறது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அதற்குக் கீரியே பதில். பஞ்சதந்திரத்தில் அவசரத்தைக் கண்டிக்கும் அதே கதை, சிலம்பில் தவறு செய்தவளுக்கும் கைகொடுக்கும் கருணையைப் பேசுகிறது. பாடத்தை ஒற்றை வரியாகச் சுருக்குவது சொல்பவர்களின் வழக்கம். கதையின் இயல்பு அதுவன்று. ஆகவே பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது முடிவில் நீதியை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அந்தத் தாயின் இடத்தில் இருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள்.