தொலைதூரப் பாதுகாப்பு உணரிகளில் அகச்சிவப்புக் கற்றையைக் குவித்தல்

திறவுச்சொற்கள்: அகச்சிவப்பு, இணைக்கற்றை, விரிகோணம், செயற்படு கற்றை, ஏற்பி

வளாக எல்லைகளைக் காக்கும் கற்றை உணரிகளின் அமைப்பு எளிது. ஒரு முனையில் செலுத்தி, மறுமுனையில் ஏற்பி, இடையே கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி. அது தடைபட்டால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். இடைவெளி 100 மீட்டரை எட்டும்போது ஒளியை எவ்வாறு குவிப்பது என்பது சிக்கலாகிறது. இங்குக் 'குவித்தல்' என்னும் சொல்லே சற்றுத் திசைதிருப்புகிறது. குவிவில்லை வெயிலைத் தாளில் புள்ளியாக்குவதுபோல, கையடக்க வில்லையொன்று அத்தொலைவில் ஒளியைப் புள்ளியாக்க இயலாது. நடைமுறையில் நிகழ்வது கற்றையை ஏறத்தாழ இணையாக்குதலே.

ஒளிமூலம் குவியத்தில் இருப்பின் கதிர்கள் இணையாக வெளிவரும் என்பது பாடநூல் விதி. அது புள்ளிமூலத்திற்கே முழுதும் பொருந்தும். ஒளியுமிழ் இருமுனையத்தின் சில்லுக்கோ பரப்பு உண்டு. சில்லின் அகலத்தைக் குவியத்தொலைவால் வகுத்தால் கிடைப்பது விரிகோணம். சில்லு 0.3 மி.மீ., குவியத்தொலைவு 50 மி.மீ. எனில் விரிகோணம் 6 மில்லிரேடியன். 100 மீட்டரில் ஒளித்தடம் ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் கொள்ளும். வெளிவில்லையின்றி 20 பாகை விரியும் இருமுனையத்தின் ஒளி அதே தொலைவில் 35 மீட்டர் அகலத்திற்குப் பரவிவிடும். உறையிலேயே சிறுவில்லை அமைந்த இருமுனையங்களில் சில்லின் தோற்ற அளவு பெரிதாவதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

ஆயினும் கற்றை ஒடுங்க ஒடுங்க நன்று எனக் கொள்ளுதல் பொருந்தாது. மேற்கண்ட அமைப்பில் செலுத்தி 3 மில்லிரேடியன், அதாவது 0.17 பாகை திரும்பினாலே ஏற்பி ஒளித்தடத்தின் விளிம்பிற்குச் சென்றுவிடும். காற்றில் ஆடும் கம்பமும் வெயிலில் நெளியும் இரும்புத் தாங்கியும் இதற்குப் போதும்.

கற்றை அகன்றால் ஆள் கடப்பதை அறிய இயலாது என்னும் அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. இரு வில்லைகளின் விளிம்புகளையும் இணைக்கும் குறுகிய குழாய் போன்ற பகுதியே செயற்படு கற்றை. நேர்வழியில் ஏற்பியை அடையும் ஒளி அதனூடாகவே வருகிறது. புறத்தே பரவுவது வெறும் விரயம். ஆனால் அருகில் வெண்சுவரோ ஈரத்தரையோ இருப்பின் நிலைமை மாறும். அங்குப் பட்டுத் தெறிக்கும் ஒளி ஏற்பியை அடைவதால், ஒருவர் நேர்வழியை மறைத்துக் கடந்தாலும் மணி ஒலிக்காதிருக்கலாம். பொய் மணியினும் இம்மௌனம் கொடிது. ஏற்பிக்கும் வில்லை பொருத்தி அதன் பார்வைக்கோணத்தை ஒடுக்குவதே இதற்கு ஏற்ற வழி. 5 மி.மீ. ஒளியுணரியின் முன் 50 மி.மீ. விட்டமுள்ள வில்லையை வைத்தால் ஒளி சேர்க்கும் பரப்பும் 100 மடங்காகும்.

வெயிலிலும் அகச்சிவப்பு மிகுதி. ஆதலின் ஒளியை 38 கிலோஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்ணில் துடிக்கவிட்டு, ஏற்பியில் அத்துடிப்பு மட்டும் பிரித்தெடுக்கப்படுகிறது. தொலைக்காட்சித் தொலையியக்கிக்கான ஏற்பிகளுள் பல, இடையறாத துடிப்பை இரைச்சலெனக் கருதி ஒடுக்கிவிடும். அவற்றிற்குத் துடிப்புகளைச் சிறு கொத்துகளாக இடைவெளிவிட்டு அனுப்புதல் வேண்டும்.

மூடுபனியை அகச்சிவப்பு எளிதில் ஊடுருவும் என்னும் கருத்து இவ்வலைநீளங்களுக்குப் பொருந்தாது. பனித்துளிகள் பல மைக்ரோமீட்டர் விட்டமுடையவை. 940 நானோமீட்டர் ஒளியையும் அவை கட்புல ஒளியைப் போலவே சிதறடிக்கின்றன. எனவே தெளிந்த வானிலையில் தேவைப்படுவதைக் காட்டிலும் பன்மடங்கு ஒளி ஏற்பியை எட்டுமாறு வைத்துக்கொண்டே செலுத்திக்கும் ஏற்பிக்கும் இடைப்பட்ட தொலைவு வரையறுக்கப்படுகிறது.