பருவமும் பருவும்

திருநெல்வேலிக்குத் தெற்கே, நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் நாங்குநேரி. இங்குள்ள வானமாமலைப் பெருமாள் கோயில் நம்மாழ்வாரால் பாடப்பெற்றது. இறைவனுக்கு நாள்தோறும் எண்ணெய்க்காப்பு நிகழ்கிறது. அவ்வெண்ணெய் கோயிலிலுள்ள எண்ணெய்க் கிணற்றில் சேர்க்கப்படுகிறது. தோல்நோய்க்கு மருந்தெனக் கருதி மக்கள் அதனைப் பெற்றுச் செல்வது நெடுநாள் வழக்கம்.

தோலைப் பேணுவதற்குக் கைக்கெட்டும் பொருள்களை நாடுவது நம் மரபு. மஞ்சளும் சந்தனமும் வேப்பிலையும் பயற்றமாவும் இல்லாத வீடு அரிது. வளரிளம் பருவத்தினர் முகப்பரு தோன்றியதும் முதலில் தேடுவனவும் இவையே. இவற்றுள் எது உதவும், எது ஊறு செய்யும் என்பதை அறிய, முதலில் பருவின் இயல்பை அறிதல் வேண்டும்.

பரு தோன்றும் விதம்

தோலின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பூப்புப் பருவத்தில் ஆண், பெண் இருபாலர் உடலிலும் ஆண்ட்ரோஜன் எனப்படும் இயக்குநீர்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் சுரப்பிகள் மிகுதியாக எண்ணெயைச் சுரக்கின்றன. அவ்வெண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து மயிர்க்காலின் துளையை அடைக்கின்றன. அடைப்பினுள் தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்ணுயிரி பெருகும்போது அவ்விடம் சிவந்து, வீங்கி, சில வேளைகளில் சீழ் கொள்கிறது. இதுவே பரு.

கரும்புள்ளியின் கருமையை அழுக்கென்று கருதிப் பலர் முகத்தை அழுத்தித் தேய்க்கின்றனர். அது அழுக்கன்று, அடைப்பிலுள்ள பொருள் காற்றுப்பட்டுக் கறுத்த நிறமே. ஆகவே பரு தூய்மைக் குறைவின் அடையாளமும் அன்று. ஒழுக்கக் குறைவின் அடையாளமும் அன்று. அது வளர்ச்சியின் உடன்விளைவு.

அஞ்சறைப்பெட்டியில் உள்ளவை

மஞ்சளின் புண்ணாற்றும் பண்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அப்பண்புக்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய சான்றுகளைக் காட்டி எதிர்த்தது. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. எனினும் புண் வேறு, பரு வேறு. மஞ்சளும் வேம்பும் நுண்ணுயிரிகளை ஒடுக்கும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் பருவின் வேர் தோலின் மேற்பரப்பில் இல்லை. அடைபட்ட துளையின் உள்ளே இருக்கிறது. மேலே பூசும் அரைப்பு அங்கே சென்று சேர்வது கடினம்.

தேனைக் குறித்து நியூசிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. பரு உள்ள 136 பேரில் ஒரு சாரார் நுண்ணுயிர்க்கொல்லிச் சோப்புடன் அந்நாட்டுத் தேன்வகை ஒன்றையும், மறுசாரார் சோப்பை மட்டும் பயன்படுத்தினர். தேனால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை என 2016-இல் அதன் முடிவு வெளியாயிற்று. நன்மை தரும் என நம்பப்படும் பொருளையும் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவியல் நோக்கு.

நன்கு சலித்த பயற்றமாவை நீரில் குழைத்து, மெல்லத் தடவிக் கழுவுவது முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும். கரடுமுரடான மாவால் தேய்த்தாலோ வீக்கம் மிகும்.

ஊறு செய்பவை

நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது; அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றின் மதிப்பு 2 முதல் 3 வரை. சமையல் சோடாக் கரைசலின் மதிப்பு 8-க்கு மேல். முன்னது தோலை எரிக்கும். பின்னது தோலின் காப்பைக் குலைக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் கொப்புளமும் கருந்திட்டும் தோன்றக்கூடும். பற்பசையும் தோலை எரிக்க வல்லது. மாநிறத் தோலில் இத்தகைய எரிச்சல் ஆறிய பின்னும் கரும்படலம் பல மாதங்கள் நிற்கும். பருவைக் கிள்ளினால் நிலையான தழும்பே எஞ்சும். சில நாள்களில் அமுங்கியிருக்கக்கூடிய பரு, நம் கைப்பட்டு வாழ்நாள் வடுவாகிறது.

முகத்தை வெளுக்கச் செய்யும் எனத் தோழர் தரும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். தொடக்கத்தில் முகம் தெளிவது போலத் தோன்றும். பின்னர்ப் பரு பெருகும், தோல் மெலியும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாது என 2018-இல் இந்திய அரசு வரையறுத்தது.

எண்ணெயின் இடம்

எண்ணெய் வறண்ட தோலுக்கு மென்மை தருவது. பருவோ எண்ணெய் மிகுந்த தோலில் வருவது. ஆகவே ஒருவருக்கு நலம் தரும் எண்ணெய் மற்றொருவருக்கு அடைப்பை மிகுவிக்கலாம். தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே சிறு பருக்கள் அரும்புவதைக் காணலாம். எண்ணெயை அளவாகத் தடவி, நெற்றியைத் துடைத்துக்கொள்வதே போதும்.

செய்யத்தக்கவை

* நாளொன்றுக்கு இருமுறை மென்மையான சோப்பால் முகம் கழுவுக. துணியால் தேய்க்காது ஒற்றி எடுக்க.
* பருவைத் தொடவோ கிள்ளவோ வேண்டா.
* எப்பொருளையும் முகத்தில் இடுமுன் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்க்க. அரிப்போ சிவப்போ தோன்றினால் விலக்குக.
* வலியுடன் கூடிய பெரிய கட்டிகள், தழும்பு, மனச்சோர்வு ஆகியன இருப்பின் மருத்துவரை அணுகுக.

தோல் மருத்துவர் பரிந்துரைக்கும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலிய பூச்சு மருந்துகள் நன்கு சோதிக்கப்பட்டவை. அவையும் பயன் காட்டச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் கைவிடுதல் தகாது. நெல்லை மாவட்ட மக்களுக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மரபு மருத்துவத்தை நாடுவோர்க்கு 1964-இல் தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் உண்டு. அங்கே தகுதி பெற்ற மருத்துவர் நோயாளியின் உடல்நிலையை ஆராய்ந்தே மருந்து தருகிறார். கேட்டதையெல்லாம் பூசிப் பார்ப்பது சித்த மருத்துவம் ஆகாது.

செலவின்றிக் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. விலை உயர்ந்தது என்பதனாலேயே நல்லதும் ஆகிவிடாது. பெரும்பாலோர்க்குப் பரு வயது ஏற ஏறத் தானே குறையும். அதுவரை கண்ணாடி முன் வருந்திப் பள்ளிக்கும் விழாவுக்கும் செல்லாது ஒதுங்கி நிற்றல் வேண்டா. வகுப்புத் தோழரின் முகத்தைச் சுட்டி நகையாடுதல் அதனினும் வேண்டா.