ஒரு படி தாண்ட ஒரு பலகை

சக்கர நாற்காலியில் ஜாலான் புசாருக்கு வருவது இன்று எளிது. 2017ல் திறக்கப்பட்ட டௌன்டவுன் பாதை எம்ஆர்டி நிலையத்தில் மின்தூக்கி உண்டு. பொதுப் பேருந்துகள் அனைத்திலும் 2020 டிசம்பர் முதல் சக்கர நாற்காலியுடன் ஏறலாம்.

இறங்கிய பிறகுதான் சிக்கல். வெயில், மழைக்கு ஒதுங்க, 1822ஆம் ஆண்டின் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் தந்தது ஐந்தடி நடைபாதை. பழைய கடைவீடுகளில் அதன் மட்டம் கடைக்குக் கடை மாறும். தடையற்ற அணுகலுக்கான கட்டட விதிமுறை வந்ததோ 1990ல்தான்.

மரபுக் கட்டடங்களை இடிக்க வேண்டாம். ஒற்றைப் படி என்றால், தேவைப்படும்போது விரிக்கும் சாய்தளப் பலகையே போதும். நடைபாதையில் பொருள்களையும் சைக்கிள்களையும் நிறுத்தாதிருப்பதற்குச் செலவே இல்லை.

இளையர்களே, அடுத்த முறை நண்பர்களுடன் சாப்பிடச் செல்லும்போது வாசற்படியைக் கவனியுங்கள். பலகை உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் வழி பிறக்கும்.