வெட்டை நோய்: முதல் எரிச்சலிலிருந்து மறுபரிசோதனை வரை

சிறுநீர் போகும்போது எரிகிறது, உள்ளாடையில் மஞ்சள் கறை. நம் ஆண்களிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: "உடம்பு சூடு." இரண்டு இளநீர், ஊறவைத்த வெந்தயம், கால் பெருவிரலில் விளக்கெண்ணெய். கோனோரியா எனும் வெட்டை நோய் இதற்கெல்லாம் மசியாது. ஆண்குறியிலிருந்து சீழ் வந்தால் அது சூடு அல்ல, கிருமி.

முதலில் நாளைக் கணக்குப் பாருங்கள். பாதுகாப்பில்லாத உடலுறவு முடிந்து 2 முதல் 7 நாட்களுக்குள் கெட்டியான சீழ் வந்தால் பெரும்பாலும் கோனோரியா. ஒன்றிரண்டு வாரம் கழித்து நீர்த்த கசிவாக வந்தால் கிளமிடியா எனும் இன்னொரு பால்வினைத் தொற்றாக இருக்கலாம். இரண்டும் ஒன்றாகத் தொற்றுவதும் சகஜம். கிளமிடியா பல ஆண்களிடம் அறிகுறியே காட்டாமல் பதுங்கியிருக்கும்.

அடுத்து, மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் இருப்பது. அங்கே கேட்டு வாங்கும் சிப்ரோஃபிளாக்சசினுக்குக் கோனோரியாக் கிருமி அடங்கிய காலம் போய்விட்டது; பென்சிலினுக்கும் அப்படித்தான். அரைகுறையாக விழுங்கும் மாத்திரை பரிசோதனையைக் குழப்புவதோடு சரி. பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. அங்கே போங்கள். கிளம்புமுன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காதீர்கள். கழித்தால் பார்க்க வேண்டிய சீழும் அதோடு போய்விடும்.

அங்கே ஒரு சொட்டுச் சீழைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சூடு காட்டி, ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்றிக் கழுவுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சீழ் அணுக்களின் உள்ளேயே கிருமிகள் இளஞ்சிவப்பில் இரண்டிரண்டாக, காப்பிக்கொட்டைகளைப் போல ஒட்டிக்கிடக்கும். 1879-இல் ஆல்பர்ட் நைசர் கண்டறிந்தது இந்த ஜோடிகளைத்தான். அறிகுறி உள்ள ஆண்களிடம் இந்த எளிய சோதனை அநேகமாகத் தவறுவதில்லை. கிளமிடியா இதில் தெரியாது. அதற்கு முதலில் வரும் சிறுநீரைப் பிடித்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

சிகிச்சை சுலபம். கோனோரியாவுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு செஃப்ட்ரியாக்சோன் ஊசி; கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை 7 நாள். எரிச்சல் மூன்றாம் நாளே அடங்கினாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அலட்சியமாக விட்டால் விதைப்பையில் வீக்கம் வரும், சிலருக்குக் குழந்தைப் பேறும் பாதிக்கும். அதே மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், கூடவே சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் கட்டம் இனிமேல்தான். கடந்த 60 நாட்களில் உறவுகொண்ட துணைக்கும் சிகிச்சை தேவை. பெண்களுக்கு நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது. உள்ளுக்குள் கருக்குழாய் வரை போய்விடும். மனைவியிடம் சொல்லத் தயங்கி, தான் மட்டும் ஊசி போட்டுக்கொள்பவருக்கு அடுத்த மாதமே நோய் திரும்பி வரலாம். இருவரும் சிகிச்சை முடித்து 7 நாள் வரை உறவைத் தவிருங்கள். 3 மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யுங்கள்.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை.