எவரிஒன் கொடுத்தும் திறக்காத ஃபைல்

ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "சார் கம்ப்யூட்டரில் உள்ள ஷேர்டு ஃபோல்டர் எங்கள் எல்லோருக்கும் திறக்கிறது. அதிலுள்ள ஒரே ஒரு எக்செல் ஃபைல் மட்டும் அனுமதி இல்லை என்கிறது. ஷேரிங்கில் எவரிஒன் போட்டு முழு உரிமையும் கொடுத்தாயிற்று. ஃபைல் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. வயர், சுவிட்ச், வைஃபை பக்கமும் போக வேண்டாம். ஃபோல்டர் திறக்கிறது என்றாலே அவை சரியாக இருக்கின்றன என்று பொருள்.

விண்டோஸில் பகிர்ந்த ஃபோல்டருக்கு இரட்டைக் காவல். ஷேரிங்கில் கொடுக்கும் உரிமை நெட்வொர்க் வழியே வருபவர்களுக்கு மட்டும். செக்யூரிட்டி என்ற பக்கத்தில் இருப்பது என்டிஎஃப்எஸ் உரிமை. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த இந்தக் கோப்பு முறையில், யார் தொடலாம் என்ற பட்டியல் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியே உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். வாசகி முதல் காவலைத்தான் தளர்த்தியிருக்கிறார்.

மற்ற ஃபைல்கள் திறக்கும்போது இது மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? விண்டோஸில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. ஆடிட்டர் அந்த ஃபைலைத் தன் டெஸ்க்டாப்பில் தயாரித்து, கட் செய்து, ஷேர்டு ஃபோல்டரில் பேஸ்ட் செய்திருப்பார்.

காப்பி செய்தால் புது ஃபைல் பிறக்கிறது. போய்ச் சேர்ந்த ஃபோல்டரின் உரிமைகளை வாங்கிக்கொள்கிறது. ஒரே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டினால் எதுவும் பிறப்பதில்லை. டிஸ்கில் தரவு இம்மியும் நகர்வதில்லை. எந்த ஃபோல்டருக்குக் கீழே என்ற பதிவு மட்டும் மாறுகிறது. பெரிய வீடியோகூடக் கண்ணிமைப்பதற்குள் இடம் மாறுவது இதனால்தான். சென்னையில் நாங்கள் குடியிருந்த தெருவில் மாநகராட்சி கதவு எண்களை மாற்றியபோது, பலகையில் பழைய எண், புதிய எண் என்று வந்ததே தவிர, வாசல் பூட்டும் சாவியும் பழையவையே. டெஸ்க்டாப் ஃபைலும் தன் பழைய பூட்டோடு வந்திருக்கிறது: ஆடிட்டர், அட்மினிஸ்ட்ரேட்டர், சிஸ்டம், இவர்களுக்கு மட்டும் திறக்கும். சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு நகர்த்தினால் இந்தச் சிக்கல் வராது. அங்கே நடப்பது காப்பியும் அழிப்பும்தான்.

தீர்வு எளிது. ஆடிட்டரே அந்த ஃபைலை ஷேர்டு ஃபோல்டருக்குள் காப்பி செய்து, பழையதை அழித்துவிடட்டும். இனிமேலும் காப்பியே செய்யட்டும்.

கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்த எவரிஒன். ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றதும் எல்லோருக்கும் முழு உரிமை, பாஸ்வேர்டு பாதுகாப்பு நிறுத்தம், ஃபயர்வால் நிறுத்தம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவது நம் அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக, ஃபைல் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பை மறுபடி இயக்கிவைப்பவர்களும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பல நாடுகளில் பரவியது அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூட முடங்கின. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பலர் போட்டுக்கொள்ளவில்லை.

பணம் பறிக்கும் இத்தகைய வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால், அதில் வேலை செய்பவருக்கு எழுதும் உரிமை உள்ள ஷேர்டு ஃபைல்களையும் பூட்டிவிடும். எவரிஒன் முழு உரிமை என்றால் மொத்த அலுவலகமும் போனது. ஆடிட்டர் ஆபீஸில் இருப்பது ஊராரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் அல்லவா?

அம்மா, இன்றே உங்கள் சாரிடம் சொல்லி அந்த எவரிஒன்னை நீக்குங்கள். வேலைக்கு வேண்டியவர்களின் பெயரை மட்டும் சேர்த்து, படிக்க மட்டும் வேண்டியவர்களுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.